இரண்டு லட்சம் மார்ட்டின்களும் ஒரு ஷாஸ்கிரேலும்

மார்ச் 7, செவ்வாய்

இன்றும் வேலைநிறுத்தம். ரயில் ஓடாததால் லியோன் நகரமே காரை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸில் வண்டி நிறுத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ரெஜி போன் செய்தான்.

விவாகரத்துக்குப் பிறகு அவன் தானாகக் கூப்பிடுவது மகள் மெலினின் பிறந்தநாளுக்கு, அல்லது யாராவது செத்தால். இன்று இரண்டும் இல்லை.

"சில்வியான், ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? என் பேரைத் திருப்பிக் குடுத்துடேன்."

இரவல் வாங்கிய ஏணியைக் கேட்பது போலக் கேட்கிறான்.

விஷயம் இதுதான். மே மாதம் கபுசீனைக் கட்டிக்கொள்கிறானாம். ஜூன் கடைசியில் கொர்வெல் கிராமத்தில் ஷாஸ்கிரேல் குடும்பக் கூட்டம். அங்கே அவளை எல்லாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டுமாம். "ஒரே பந்தியில ரெண்டு மதாம் ஷாஸ்கிரேல் இருந்தா நல்லாவா இருக்கும்?"

"விவாகரத்தப்போ நீயே கையெழுத்து போட்டுக் குடுத்த பேரு ரெஜி. நான் இன்னொரு கல்யாணம் பண்ற வரைக்கும் அது எனக்குத்தான்" என்றேன்.

"நீ எங்க இனிமே கல்யாணம் பண்ணப் போறே" என்று சிரித்தான்.

கோபத்தில் ஒரு புறாவுக்காக என் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பாவம், அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

மார்ச் 8

தூக்கம் வரவில்லை. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

நான் பிறந்தது சில்வியான் மார்ட்டினாக. இந்த நாட்டில் மார்ட்டின்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். குடும்பப் பெயர்களில் முதலிடம். கல்லை எறிந்தால் நாய் மேல் படுகிறதோ இல்லையோ, ஒரு மார்ட்டின் மேல் படும். பள்ளியில் எங்கள் வகுப்பில் நாலு மார்ட்டின். ஒருமுறை பல் வைத்தியரிடம் மூன்று மார்ட்டின் காத்திருந்தோம். "மார்ட்டின்" என்று கூப்பிட்டார்கள், நான் எழுந்து போனேன். வலிக்காத பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இருபத்தாறு வயதில் ஒரு நடன விருந்தில் ஒருவன் "ரெஜி ஷாஸ்கிரேல்" என்று கை நீட்டினான். எனக்குப் பேர்தான் முதலில் பிடித்தது. ஆளை அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஷாஸ்கிரேல் என்றால் ஆலங்கட்டி விரட்டுபவன். திராட்சைத் தோட்டத்து மேல் கருமேகம் திரண்டால் கோயில் மணியை ஓயாமல் அடித்து மேகத்தைக் கலைப்பதற்கு அந்தக் காலத்தில் ஓர் ஆள் இருந்தான். தோட்டத்துக்காரர்கள் ஆளுக்கொரு குடம் ஒயின் கொடுப்பார்கள். மின்னல் மணிக்கூண்டில் இறங்கினால் முதலில் சாவதும் அவன்தான். அப்படிப்பட்ட ஒருவனிலிருந்து வந்த பெயர் என்பது என் ஆராய்ச்சி. சிலுவைப் போருக்குப் போன பிரபுவிலிருந்து வந்தது என்பது ரெஜியின் சித்தப்பா அன்செல்மின் ஆராய்ச்சி. என்னுடையது பழைய கணக்குகளைப் புரட்டி வந்தது. அவருடையது மூன்றாவது கோப்பைக்குப் பிறகு வருவது.

உயிரோடு இருக்கும் ஷாஸ்கிரேல்கள் நூற்று நாற்பத்தேழு பேர். தேடிப் பிடித்து எண்ணியவள் நான். வருடா வருடம் அவர்களைக் கொர்வெலில் கூட்டி உட்காரவைப்பவளும் நான். என் ஓட்டுநர் பள்ளியின் இரண்டு கார் கதவிலும் அந்தப் பெயர்தான். அதைப் போய்த் திருப்பிக் கொடு என்கிறான்.

கொடுக்க மாட்டேன். போ.

மார்ச் 12, ஞாயிறு

அன்செல்ம் மாமாவிடம் பேசினேன். எண்பத்து நாலு வயது, ஷாஸ்கிரேல் குடும்பச் சங்கத்துத் தலைவர். சங்கம் ஆரம்பித்தது நான், தலைவர் அவர். அது அப்படித்தான்.

"சட்டம் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதும்மா. பேருங்கறது ரத்தத்துல வரணும். நீ நல்ல பொண்ணு. ஆனா மணிக் கயிறைத் தொட்டிருக்கியா? இல்லல்ல?"

இல்லைதான். கூட்டத்தன்று, சாப்பாட்டுக்கு முன் கொர்வெல் கோயில் மணியை ஷாஸ்கிரேல்கள் முறை வைத்து இழுப்பார்கள். அந்தப் பெயரோடு பிறந்தவர்கள் மட்டும். கட்டிக்கொண்டு வந்தவர்கள் அந்த நேரத்தில் மேசைக்குத் துணி விரிப்போம், சாசேஜ் நறுக்குவோம். இத்தனை வருஷத்தில் நான் நறுக்கிய சாசேஜை நீட்டிப் போட்டால் பாரிஸுக்குப் போய்விடலாம்.

மார்ச் 19

பெயர் எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று காட்டும் வரைபடம் இணையத்தில் உண்டு. எங்கள் பெயருக்கு எங்கள் மாவட்டம் அடர் சிவப்பு, சுற்றிலும் கொஞ்சம் ரோஜா நிறம், மற்றதெல்லாம் வெள்ளை. ஆனால் உச்சியில், வட கடல் ஓரத்தில், டன்கெர்க் பக்கம் ஒரு புள்ளி. ஒன்பது பேர். எந்தக் கிளையோடும் ஒட்டாத ஒன்பது பேர். இருமுறை கடிதம் போட்டேன், பதில் இல்லை. இன்று ரெஜி மேல் இருந்த வீம்பில் தொலைபேசி எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன்.

"வணக்கம். ஷாஸ்கிரேல் பேசறேன்" என்றேன்.

"இல்லைங்க, ஷாஸ்கிரேல் நான்."

"நானும்தான்."

அந்தப் பக்கம் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு. "வாழ்நாள் முழுக்க போன்ல என் பேரை எழுத்தெழுத்தா சொல்லியே தொண்டை கட்டிப்போச்சு. சொல்லாமலே புரிஞ்சுக்கிட்ட முதல் ஆள் நீங்கதான்."

பெயர் கிஸ்லேன். துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. கடிதங்களைப் பார்த்தாராம். "குடும்பச் சங்கம்னு போட்டிருந்துச்சு. சந்தா கேப்பீங்கன்னு பயந்துட்டேன்."

"ஆலங்கட்டி விரட்டுறவருக்குக் கடல்ல என்ன வேலை?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல ஆலங்கட்டி கடல்ல விழும். மீன் புகார் பண்றதில்ல. அதனால நாங்க சும்மா இருக்கோம்."

போனை வைத்தபோது சூப் அடிப்பிடித்திருந்தது. பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டே பாட்டுப் பாடினேன். எதற்கு?

மார்ச் 26

மறுபடி பேசினோம். சங்க விஷயமாக.

ஏப்ரல் 1

சங்க விஷயமாக. இம்முறை சூப்பே வைக்கவில்லை, முன்ஜாக்கிரதை.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு

வந்துவிட்டார். டன்கெர்க்கிலிருந்து காரில், முழு நாளும் ஓட்டிக்கொண்டு. அவர் கொண்டுவந்த பாலாடைக்கட்டியின் நாற்றம் அவருக்கு முன்னால் மாடியேறி வந்தது. "வெப்பம் பட்டா கொஞ்சம் பேசும்" என்றார். கொஞ்சமா? பிரசங்கமே செய்தது. ஜன்னலைத் திறந்துவைத்துச் சாப்பிட்டோம். நான் மூன்று துண்டு. என் பங்குக்கு ரோஜா நிறச் சர்க்கரை பாதாம் போட்ட டார்ட் செய்திருந்தேன். அவர் பாத்திரத்தையே துடைத்துவிட்டார்.

உயரம். பெரிய காது. கப்பல் ஓட்டிய கை, கோப்பையைப் பிடித்தால் கோப்பை தெரியவில்லை. எனக்கு ஐம்பத்தேழு வயது. இதையெல்லாம் எழுத வெட்கமாக இல்லையா? இல்லை.

நதிக்கரையில் நடந்தபோது வடக்குக் கிளையின் கதையைச் சொன்னார். அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதைதானாம், யாரும் கேட்காததால் சொல்லவில்லை. க்ளோதீன் ஷாஸ்கிரேல் என்று கொர்வெலில் ஒரு பெண். பாட்டனுக்குப் பாட்டி காலம். ஒரு மாலுமியை நம்பி வடக்கே போனாள். அவன் கப்பலேறினான், திரும்பவில்லை. பிறந்த பையனுக்குத் தன் பெயரையே வைத்தாள். அந்த ஒருத்தியின் வழி வந்தவர்கள்தான் ஒன்பது பேரும்.

"அப்போ நீங்க ரெஜிக்கு தூரத்துப் பங்காளி" என்றேன்.

"உங்களுக்கு?"

"எனக்கு ஒன்னும் ஆகாது. நான் பிறப்புல மார்ட்டின்."

"நல்லதாப் போச்சு" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. காது சுட்டது.

ஏப்ரல் 22

இன்று என் மாணவன் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனான். நான் பிரேக் போடவில்லை. முப்பது வருஷ வேலையில் முதல் தடவை. கேமரா பளிச்சென்றது. படம் வந்தால் அதில் பையன் அலறிக்கொண்டும் நான் பக்கத்தில் சிரித்துக்கொண்டும் இருப்போம்.

மே 8, திங்கள்

டன்கெர்க். காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. வண்டிக்கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினோம், காற்று இரண்டு துண்டைப் பிடுங்கிக் கடற்காகத்துக்குக் கொடுத்தது.

பார்க்கிறவர்களுக்கெல்லாம் என்னை "இவங்க மதாம் ஷாஸ்கிரேல்" என்று அறிமுகம் செய்தார். பொய் இல்லையே. வறுவல் கடைக்காரி வாயில் கை வைத்தாள். "அடப்பாவி கிஸ்லேன், சொல்லாம கொள்ளாம எப்பய்யா கட்டின?"

"கட்டல. இவங்க ரெடிமேடா வந்தாங்க" என்றார்.

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. திரும்பி வரும் வழியெல்லாம் மகிழ்ச்சியாக இருந்தேன். இப்படி எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று.

மே 13

இன்று ரெஜிக்கும் கபுசீனுக்கும் கல்யாணம். ஷாஸ்கிரேல்கள் 148. என் மனசு குளிர்ந்துதான் இருக்கிறது, ஆச்சரியம்.

ஜூன் 3, சனி

கேட்டுவிட்டார்!

பள்ளிக் காரில், மாணவர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு. நான் என் பக்கத்துப் பெடல்களின் மேல் காலை வைத்திருந்தேன். "வண்டியை ஓரமா நிறுத்தவா?" என்றார். நிறுத்தினார். கோணலாக நிறுத்தினார், நான் மார்க் போட்டிருந்தால் ஃபெயில். "சில்வியான், நாம கட்டிக்கலாமா?"

"சரி" என்றேன். மூச்சு விடுவதற்குள் இன்னொன்று தோன்றியது. கல்யாணம் செய்துகொண்டால் ரெஜி கொடுத்த பெயர் அந்த நிமிஷமே போய்விடும். அதே நிமிஷம் அதே பெயர் கிஸ்லேன் வழியாக வந்துவிடும். முன் வாசலில் துரத்தினால் பின் வாசலில் வந்து உட்காருவேன். பழைய குருடி, கதவைத் திறடி! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஐயோ, ரெஜி மூஞ்சியைப் பாக்கணுமே" என்று டாஷ்போர்டைத் தட்டிக்கொண்டு சிரித்தேன்.

அவரும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக.

ஜூன் 5

நேற்று ஊருக்குப் போனார். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று செய்தி மட்டும் வந்தது. போன் இல்லை.

களைப்பாக இருக்கும்.

ஜூன் 11, ஞாயிறு

மெலின் சாப்பிட வந்தாள். கல்யாணச் செய்தியைச் சொன்னேன், கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். பிறகு ரெஜியின் மூஞ்சிக் கதையையும் சொன்னேன். அவள் முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, ஒன்னு கேக்கவா? நீ அவரைக் கட்டிக்கிறியா, அவர் பேரைக் கட்டிக்கிறியா?"

"என்னடி கேள்வி இது?"

"அவர் பேரு லெரூவா, பெத்தின்னு ஏதாவது ஊர்ப்பட்ட பேரா இருந்தா அன்னிக்கு போன் பண்ணியிருப்பியா?"

"பண்ணியிருக்க மாட்டேன். ஏன்னா நம்பரே இருந்திருக்காது."

"சமாளிக்காதம்மா. அப்பாவையும் நீ பேரைப் பாத்துத்தான் கட்டின. நீயே சொல்லியிருக்க."

அவள் போன பிறகு பாத்திரம் கழுவவில்லை. என்ன பொண்ணு இவ, வாயில கொள்ளிக்கட்டையை வச்சிருக்கா. ஆனா அவ கேட்டதுல என்ன தப்பு? அன்னிக்கு கார்ல அந்த மனுஷன் எங்கிட்ட ஆசையா கேட்டாரு. நான் முதல்ல நினைச்சது யாரை? ரெஜியை! அவர் சிரிப்பு லேட்டா வந்துச்சே, அப்பவே எனக்கு உறைச்சிருக்க வேணாமா? மக்கு. அம்பத்தேழு வயசு மக்கு.

அவர் பேர் மார்ட்டின்னு இருந்தா கட்டிக்குவேனா?

தெரியல. தெரியலன்னு எழுதவே பயமா இருக்கு.

ஜூன் 18

கிஸ்லேன் கூப்பிட்டார். பாலாடைக்கட்டியைப் பற்றி, காற்றைப் பற்றி, எதையெதையோ பேசிவிட்டு: "கூட்டத்துக்கு ஒன்பது பேரும் வரோம். ஆனா நீ அன்னிக்கு 'சரி' சொன்னதை நான் இன்னும் கணக்குல சேத்துக்கல. அங்க வந்து நிதானமா ஒரு தடவை சொல்லு. வேற மாதிரி சொன்னாலும் பரவால்ல, சாப்பிட்டுட்டுப் போயிடுவோம்."

கோபமே இல்லாத குரல். அதுதான் கொல்கிறது.

ஜூன் 25, ஞாயிறு, கொர்வெல்

எழுத்து கோணலாக வருகிறது. பயத்தில் இல்லை. மணி அடித்த கை.

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழப்பிவிடுவேன்.

கோயிலுக்கு எதிரே புல்வெளியில் பந்தல், நூறு பேருக்கு மேல். ரெஜி புதுச் சட்டையில், கபுசீன் வெள்ளை உடையில். நான் சாசேஜ் கத்தியோடு. கபுசீனிடமும் ஒரு கத்தியைக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு வந்தவள் அல்லவா, அவளும் நறுக்கட்டும். "மெல்லிசாவா, தடிமனாவா மதாம்?" என்று பயபக்தியோடு கேட்டாள். இருபத்தெட்டு வருஷமாக யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அவளைப் பிடித்துத் தொலைத்தது.

வடக்கத்தியர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். ஒயின் விளையும் ஊருக்கு மூன்று பெட்டி பீரோடு! ஊரே முகம் சுளித்தது. பிறகு ஊரே குடித்தது.

அன்செல்ம் மாமா எழுந்து பேச ஆரம்பித்தார். சிலுவைப் போர், பிரபு, குதிரை. பேச்சு நீண்டு மணி இழுக்கும் நேரமும் தள்ளிப்போனது. நடுவில் கிஸ்லேனைப் பார்த்து, "வடக்கேருந்து வந்தவங்களுக்கும் வணக்கம். பொம்பளை வழியில போன பேருதான், இருந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான்" என்றார்.

கிஸ்லேன் நிதானமாகச் சொன்னார்: "ஆமாங்க பெரியவரே. ஓடிப்போனவன் பேரு என்னன்னு இன்னிக்கு யாருக்கும் தெரியாது. ஒண்டியா நின்னவ பேருதான் எங்களுக்கு நிலைச்சுது."

ரெஜி தட்டைப் பார்த்தான். எனக்குக் கண் கரித்தது. வெங்காயம் பக்கத்தில் இல்லை. அந்த இடத்திலேயே மெலினுடைய கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது. இந்த ஆள் பெயர் மார்ட்டின் ஆனால் என்ன, தூய்ரான் ஆனால் என்ன. இந்த ஆள்.

சொல்லலாம் என்று எழுந்தேன். அப்போது அன்செல்ம் மாமாவின் கோப்பையில் 'டொக்' என்று ஒன்று விழுந்தது.

மேற்கே வானம் கத்தரிக்காய் நிறம். ஒரு நிமிஷம்கூட இல்லை, கோலிக்குண்டு அளவில் கொட்டத் தொடங்கியது. தட்டு உடைந்தது, பாட்டில் உருண்டது. நூற்றுச் சொச்சம் ஆலங்கட்டி விரட்டிகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து மேசைக்கு அடியில் புகுந்தார்கள். சிலுவைப் போர் பிரபுவின் வாரிசு சாசேஜ் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தவழ்ந்து போனார். கிஸ்லேனும் வடக்கத்தியர்களும் மட்டும் பந்தல் கம்புகளைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். புயல் பழக்கம்.

கபுசீன் என் கையைப் பிடித்தாள். கண் மை கன்னத்தில் வழிந்தது.

"மதாம், அந்த மணியை இப்பத்தானே அடிக்கணும்?"

"பிறந்தவங்கதான் அடிக்கணும்."

"பிறந்தவங்கல்லாம் மேசைக்கு அடியில இருக்காங்களே."

ஓடினோம். தலைக்கு மேல் ஆளுக்கொரு ரொட்டிப் பலகை. மணிக்கூண்டுக்குள் கயிறு தொங்கியது. நான் பிடித்து இழுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் சேர்ந்து தொங்கினோம். மேலே ஏதோ முனகி, அசைந்து, டாண் என்றது. கயிறு மேலே போனது, கபுசீனும் கூடவே போனாள். "இறக்கி விடுங்க" என்று கத்திக்கொண்டே சிரித்தாள். ரெஜியின் பழைய பெண்டாட்டியும் புதுப் பெண்டாட்டியும் ஒரே கயிற்றில் ஏறி இறங்கினோம். உள்ளங்கை எரிந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

நிறுத்தியபோது வெளியே வெயில்.

அன்செல்ம் மாமா வாசலில் தட்டோடு நின்றார். "நின்னுடுச்சு" என்றார்.

"ஆலங்கட்டி எப்பவும் அஞ்சு நிமிஷத்துல நின்னுடும் மாமா. மணியால இல்ல."

"தெரியும்மா. எங்கப்பாவுக்கும் தெரியும். இருந்தாலும் யாராவது போய் அடிக்கணும்ல?" தலையைச் சொறிந்தார். ஒரு சாசேஜ் துண்டு விழுந்தது. "நீ பேரை வச்சுக்கோ சில்வியான். ரெஜி கிடக்கான். நான் சொல்றேன்."

இதற்காகத்தானே மார்ச்சிலிருந்து தூக்கம் கெட்டேன். இப்போது கையில் வந்து விழுகிறது. ஆனால் நான் அவருக்குப் பின்னால், கோயில் வாசலுக்கு மேலே இருக்கும் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரை மேல் ஒருவர், கையில் வாள், பாதி வெட்டிய மேலங்கி. கீழே குளிரில் ஒரு பிச்சைக்காரன் மற்றப் பாதிக்குக் கை நீட்டுகிறான். புனித மார்ட்டின். கொர்வெல் கோயில் புனித மார்ட்டின் கோயில். எனக்குத் தெரியாததா? இத்தனை வருஷமாக அழைப்பிதழில் அடிப்பவளே நான்தான். ஒருமுறைகூட அது என் பெயர் என்று நினைத்ததில்லை.

"வேணாம் மாமா. கபுசீனுக்கே இருக்கட்டும். நான் மார்ட்டின்."

ரெஜி வாயைத் திறந்தான். அந்த மூஞ்சியைப் பார்க்கத்தான் அவ்வளவு ஆசைப்பட்டேன். பார்க்க மறந்துவிட்டேன்.

கிஸ்லேன் சொட்டச் சொட்ட வந்து நின்றார். நெற்றியில் ஒரு புடைப்பு.

"நிதானமா சொல்றேன்" என்றேன். "உங்க பேரு எனக்கு வேணாம். நீங்க வேணும்."

அவர் புடைப்பைத் தடவினார். சிலையைப் பார்த்தார். "அந்தக் குதிரைக்காரர் பாதி குடுத்தவர்தானே? அப்போ உன் பேர்ல எனக்குப் பாதி குடு. கட்டினவ பேரைப் புருஷனும் வச்சுக்கலாம்னு சட்டம் இருக்கு. எனக்கும் எழுத்தெழுத்தா சொல்லி அலுத்துப்போச்சு."

முத்தம் கொடுத்தேன். நூறு ஷாஸ்கிரேல்கள் பார்த்தார்கள். மெலின் மேசைக்கு அடியிலிருந்து விசில் அடித்தாள்.

ஜூன் 26

உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. கபுசீன் செய்தி அனுப்பியிருக்கிறாள்: அவளுக்கும்.

ஜூலை 14

தேசிய தின வாணவேடிக்கை. அவர் தோள். வேறு எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 19

கார் கதவுகளில் புதுப் பெயின்ட்: மார்ட்டின் ஓட்டுநர் பள்ளி. இந்த நகரத்தில் அதே பெயரில் இன்னொரு பள்ளியும் இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

தபால் பெட்டியில் கிஸ்லேனே 'மார்ட்டின்' என்று சீட்டு ஒட்டினார். மாடி மேல் குடியிருக்கும் கிழவர் மார்ட்டினுக்கு வந்த மூட்டுவலி தைலம் இப்போது எங்கள் பெட்டியில் விழுகிறது.

செப்டம்பர் 17, ஞாயிறு

நேற்றுக் கல்யாணம். நகராட்சியில் கையெழுத்து, பிறகு பள்ளியின் பின்கட்டில் விருந்து. அன்செல்ம் மாமா வந்தார். ரெஜியும் கபுசீனும் வந்தார்கள். கபுசீன் எனக்குப் பரிசாக ஒரு ரொட்டிப் பலகை கொடுத்தாள்.

கேக் கிஸ்லேனின் பொறுப்பு. கிரீம் உருண்டைகளைக் கோபுரமாக அடுக்கி, உச்சியில் சர்க்கரையில் மாப்பிள்ளை பெண் வைத்தது. போன வாரம் ஆர்டர் கொடுத்துவிட்டுச் சின்னப் பையன் மாதிரி ஓடி வந்தார். "பேரு கேட்டாங்க சில்வியான். மார்ட்டின்னேன். சரின்னு வச்சுட்டாங்க. எழுத்தே கேக்கல. அவ்வளவுதான்!"

நேற்றும் அதே பெருமையோடு கடைக்குப் போய், மார்ட்டினுக்கு ஒரு கேக் என்று கேட்டு, கொடுத்த பெட்டியை வாங்கி வந்தார். எல்லார் முன்னாலும் திறந்தார்.

கோபுரம் இல்லை. தட்டையான ஸ்ட்ராபெரி கேக். மேலே தூண்டில் போடும் ஒரு மனிதன். அன்செல்ம் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்: "போதும் ஜெரார், இனி மீன் பிடி."

கிஸ்லேனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "சொன்னேன்ல, மார்ட்டின்னா இப்படித்தான்" என்றேன். "எனக்கு ஒரு பல்லே போச்சு." நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தேன்.

நாங்கள் கடைக்குப் போன் செய்ய, கடைக்காரர் ஜெரார் மார்ட்டினுக்குப் போன் செய்ய, ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். கையில் எங்கள் கோபுரம், பின்னால் பத்துப் பதினைந்து சகாக்கள். "மன்னிக்கணும்மா, பெட்டியைத் திறந்ததும் எங்காளுங்க மணப்பெண்ணைத் தின்னுட்டாங்க. மாப்பிள்ளை பத்திரமா இருக்கார்."

இரண்டு கேக்கையும் சேர்த்தே வெட்டினோம். மாப்பிள்ளை பக்கத்தில் தூண்டில்காரரை நிறுத்தினேன். பேருந்து ஓட்டுநர்கள் ஆலங்கட்டி விரட்டிகளோடு ஆடினார்கள். ஜெரார் என்னோடு ஒரு சுற்று ஆடினார், என் காலை இரண்டு தடவை மிதித்தார். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"நாம ரெண்டு பேரும் சொந்தமா?"

"பின்னே, இல்லாமலா?" என்றேன்.